காடாத் துணியில் கசகசாப் பூ: மாரிமெக்கோ தன் துணியையும் தன் பெண்ணையும் கண்டுகொண்ட விதம்

1951 மே 20 அன்று பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில், கலஸ்தாயதோர்ப்பா என்ற உணவகத்தில் ஒரு ஆடைக் காட்சி நடந்தது. நடத்தியவர்கள் ஆடை வியாபாரிகள் இல்லை. அவர்களிடம் இருந்தது அச்சிட்ட பருத்தித் துணி மட்டும்தான். அந்தத் துணியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்று சொல்லிவிட்டு வாங்காமல் போனார்கள். இவ்வளவு பெரிய உருவங்களையும் அழுத்தமான நிறங்களையும் வைத்து என்ன தைப்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சரி, நாமே தைத்துக் காட்டிவிடுவோம் என்று ரீட்டா இம்மோனென் என்ற ஆடை வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, அதே துணிகளில் கவுன்கள் செய்து மேடையேற்றினார்கள். துணி விற்பதற்காகக் காட்டிய ஆடைகளுக்கே கிராக்கி வந்துவிட்டது. ஐந்து நாள் கழித்து, மே 25 அன்று, மாரிமெக்கோ என்ற நிறுவனம் பதிவானது. 'மாரி' என்பது அந்த நாட்டில் பெண்களுக்கு வைக்கும் பெயர், 'மெக்கோ' என்றால் கவுன். மாரியின் கவுன். மாரி என்ற பெயர் நமக்கும் நெருக்கமாக ஒலிப்பதாலோ என்னவோ, முதல் தடவை படித்தபோதே இந்தக் கதை என்னோடு ஒட்டிக்கொண்டது.

நான் ஈரோட்டுப் பக்கம் சிறிய அளவில் துணி அச்சிடும் வேலை செய்கிறேன். சொந்தமாக பிரிண்ட் கலெக்‌ஷன் போடவேண்டும் என்று இளம் பெண்கள் அடிக்கடி வருவார்கள். போன மாதமும் ஒருத்தி வந்தாள். அவள் போனில் இருந்த டிசைன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. உள்ளங்கையைவிடப் பெரிய வாழை இலைகள், நடுவில் நிறைய வெற்றிடம்.

"இதை ரேயான்லயே போட்டுறலாமுங்களா அக்கா?"

"யாருக்குக் கண்ணு தைக்கறே?"

"எல்லாருக்குந்தானுங்க்கா."

இந்தப் பதிலை நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிசைன் முதலில் வந்துவிடுகிறது. அப்புறம் துணி தேடுகிறார்கள். வாங்குபவர் யார் என்பது தைத்து முடித்து, படம் எடுத்து, விலை போடும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. துணி எது, ஆள் யார் என்பது இரண்டு தனித்தனி முடிவு என்று நினைப்பதால் வரும் கோளாறு இது. இரண்டும் ஒரே முடிவு என்பதை எனக்குத் தெரிந்து மாரிமெக்கோ அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு இல்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கிடைத்த துணி

கதை மெழுகுச்சீலையில் தொடங்குகிறது. மெழுகுச்சீலை தயாரித்துவந்த பிரின்டெக்ஸ் என்ற ஆலையை 1949-இல் வில்யோ ராட்டியா வாங்கினார். அங்கே பருத்தித் துணி அச்சிடலாம் என்று முடிவானபோது டிசைன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி அர்மி ராட்டியா. முதலில் சொன்ன ஆடைக் காட்சியை நடத்தியவர்கள் இவர்கள்தான். அர்மி அன்றைய பின்லாந்தின் கிழக்குப் பகுதியான கரேலியாவில் பிறந்து ஜவுளி வடிவமைப்பு படித்தவர். விப்ரி நகரில் ஒரு நெசவுக்கூடம் நடத்தினார். போரில் அந்தப் பகுதியே சோவியத் வசம் போனது. அதன்பின் ஹெல்சின்கியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சில ஆண்டுகள் வாசகம் எழுதும் வேலை. நூலும் தெரியும், ஒரு பொருளை யாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது இந்தக் கதையில் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

அன்றைய பின்லாந்தின் நிலைமையையும் பார்க்கவேண்டும். கரேலியாவிலிருந்து 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடு நிலம் விட்டு வந்து சேர்ந்திருந்தார்கள். சோவியத் ஒன்றியத்துக்குப் போர் இழப்பீடு கட்டி முடித்தது 1952-இல்தான். எதை எடுத்தாலும் தட்டுப்பாடு. பிரின்டெக்ஸுக்கு அச்சிடக் கிடைத்தது சாதா நெசவுப் பருத்தி, படுக்கை விரிப்புக்கு நெய்கிற ரகம். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், காடாவை, அதாவது தறியிலிருந்து அப்படியே வரும் பருத்தித் துணியை, வெளுத்தெடுத்தது.

காடாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று போகும், அவ்வளவுதான் அதன் நெசவு. அது வழியாது, மினுங்காது, உடம்போடு ஒட்டாது. தோளில் போட்டால் காகிதம் மாதிரி விலகி நிற்கும். பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் 1947-இல் கொண்டுவந்த இறுக்கிய இடுப்பும் விரிந்த பாவாடையும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அளவுகோலில் பார்த்தால் இந்தத் துணியில் குறையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

ஆனால் அச்சுக்காரர் கண்ணால் பாருங்கள். என் மேசையில் புதிதாக வருபவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு வட்டத்தை, ஒரே ஸ்கிரீனால் (சாயத்தை டிசைன் உள்ள இடத்தில் மட்டும் இறங்கவிடும் வலைச் சட்டம்), ஒரே சாயத்தால், மூன்று துணியில் அச்சிடுவேன்: வெளுத்த காடா, ரேயான், மெல்லிய மல். காய்ந்ததும் மூன்றையும் நீட்டிய கையின்மேல் தொங்கவிடுவேன். காடாவில் வட்டம் வட்டமாகவே இருக்கும், சுவரில் மாட்டிய படம்போல. ரேயானில் துணி மடிந்து மடிந்து விழுவதால் வட்டம் காணாமல் போய் நிறக் கோடுகள் மட்டும் ஓடும். மல்லில் வட்டத்துக்குப் பின்னால் என் கை தெரியும். டிசைன் ஒன்றுதான். மூன்று துணியும் அதை மூன்று வேறு பொருளாக்கிவிடுகின்றன.

மாரிமெக்கோ செய்தது இதுதான். விலகி நிற்கும் துணி என்றால், அதன்மேல் நிற்கக்கூடிய உருவத்தை வரைவோம். விரிந்த சமதளம் என்றால், பெரிய நிறப் பரப்புகளைப் போடுவோம். கலைப் பள்ளியை அப்போதுதான் முடித்த மாய்யா இசோலாவை 1949-இலேயே பிரின்டெக்ஸில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் வாழ்நாளில் 500-க்கும் மேற்பட்ட அச்சு வடிவங்கள் வரைந்தார். 1956-இல் வந்த 'கிவெட்' வெறும் கூழாங்கல் வடிவங்கள்தான், கல் என்று பெயர் வைத்த பெரிய பெரிய உருண்டைகள். அதை ஜார்ஜெட்டில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கெட்டியான பருத்தியில் அது எழுந்து நிற்கிறது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு மொத்த வியாபாரிக்காகப் பெரிய தாமரை டிசைன் ஒன்றை ரேயானில் அச்சிட்டோம். அப்போது ரேயானுக்கு எங்கள் பக்கம் நல்ல ஓட்டம், விலையும் கைக்கு அடங்கியது. துணியைச் சரியாகச் சுருக்கி எடுக்காமலே அச்சுக்கு ஏற்றினேன். தைத்த குர்த்தியை ஒரு தடவை அலசியதும் மீட்டருக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. வட்டமாக இருந்த தாமரை நெட்டுக்குச் சுருங்கி அகலமாகிவிட்டது. சரக்கு திரும்பி வந்தது. சுருக்கம் பார்க்காதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அந்த அளவு தாமரையை வழிந்து விழும் துணிக்குக் கொடுத்தது. சுருங்காமல் இருந்திருந்தாலும் போட்டுக்கொண்டவர் மேல் அது தாமரையாகத் தெரிந்திருக்காது.

பிக்கோலோ, அருகில் வைத்து

துணிக்கும் அச்சுக்கும் உள்ள உறவை ஒரே ஒரு பொருளில் பார்க்கவேண்டும் என்றால் நான் பிக்கோலோவைத்தான் எடுப்பேன். வுவோக்கோ எஸ்கோலின்-நுர்மெஸ்னியெமி 1953-இல் மாரிமெக்கோவுக்கு வந்தார். படித்தது பீங்கான் கலை. அதே ஆண்டு அவர் வரைந்த கோட்டு டிசைன் பிக்கோலோ. தூரத்தில் பார்த்தால் சாதாரணக் கோடுபோட்ட துணி. பக்கத்தில் போனால் கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்தவை இல்லை என்று தெரியும். தூரிகையால் இழுத்த மாதிரி ஓரம் லேசாக அலைகிறது. இரண்டு நிறக் கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் போகாமல் ஓரங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஏறிய இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கிறது.

அச்சு வேலை தெரியாதவருக்கு இது அழகு. தெரிந்தவருக்கு இதில் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். ஸ்கிரீன் கூடக் கூடச் செலவு கூடும், நிறம் விலகும் ஆபத்தும் கூடும். இரண்டு நிறம் துல்லியமாக முட்டி நிற்கவேண்டும் என்று டிசைன் போட்டால், மேசையில் துணி ஒரு நூல் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பிக்கோலோவில் அந்தப் பயமே இல்லை, ஏறவேண்டும் என்பதே டிசைன். இரண்டு ஸ்கிரீனில் மூன்று நிறம். நிற ஜோடியை மாற்றினால் மூன்றாவது நிறமும் தானாக மாறிவிடும். 400-க்கும் மேற்பட்ட நிறச் சேர்க்கைகளில் இது வந்திருக்கிறது. இந்த வித்தைக்கு வெளுத்த, வெறும் வெள்ளையான, சாயத்தை ஒரே சீராகக் குடிக்கிற பருத்தி வேண்டும். துணியிலேயே ஒரு பழுப்போ மினுக்கமோ இருந்தால் மூன்றாவது நிறம் கலங்கிப்போகும்.

1956-இல் வுவோக்கோ இந்தத் துணியில் ஒரு சட்டை வடிவமைத்தார். பெயர் யோகபோய்கா, 'ஒவ்வொரு பையனும்' என்று பொருள். ஆண்களுக்காக வந்த சட்டை. பெண்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தச் சட்டை விற்பனையில் இருக்கிறது. இடுப்பில் ஒட்டாத, மார்பில் பிடிக்காத, நேராக இறங்கும் சட்டை ஒன்றைப் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், யார் அந்தப் பெண்கள் என்ற கேள்விக்கு விடை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

யார் அந்தப் பெண்

வயது, மாத வருமானம், ஊர் என்று கட்டம் போட்டு நிரப்பி, அதற்கு ஒரு கற்பனைப் பெயரும் வைத்து, இதுதான் என் வாடிக்கையாளர் என்று கொண்டுவருகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அந்தத் தாளிலிருந்து துணி எதுவும் கிளம்பி வருவதில்லை. 28 வயது, பெருநகரம், தனியார் வேலை என்று எழுதியபின் அவளுக்குக் கேம்பிரிக்கா கிரேப்பா என்று எப்படி முடிவு செய்வது?

மாரிமெக்கோவின் பெண்ணை அவள் செய்யும் காரியங்களால்தான் அடையாளம் காணமுடியும். அவள் நிறைய நடக்கிறாள். குனிகிறாள், குழந்தையைத் தூக்குகிறாள், பொருள் வைக்கப் பாக்கெட் தேடுகிறாள், துணியை வீட்டிலேயே துவைத்துக்கொள்கிறாள். வேலைக்கும் போகிறாள். இடுப்பை இறுக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கிப் போகவும் விருப்பமில்லை. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். வசதியான ஆடை மட்டும் வேண்டும் என்றால் சாயம் போட்ட வெறும் பருத்தி போதும். உடம்பைக் காட்டாமலே ஓர் அறைக்குள் தன் வரவைச் சொல்ல நினைப்பவளுக்குத்தான் பெரிய அச்சு தேவைப்படுகிறது.

பின்லாந்தில் அப்படிப்பட்ட பெண்கள் திடீரென்று முளைக்கவில்லை. ஐரோப்பாவிலேயே முதலில், 1906-இல், பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கிடைத்த இடம் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். இத்தகைய ஊரில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆடை செய்கிறோம் என்று தனியாக முழங்கவேண்டிய அவசியமில்லை. அவள் பக்கத்து வீட்டில் இருந்தாள்.

கடல் தாண்டியும் அதே பெண் கிடைத்ததுதான் எனக்கு வியப்பு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பெஞ்சமின் தாம்சன் என்ற கட்டடக் கலைஞர் டிசைன் ரிசர்ச் என்ற கடை நடத்திவந்தார். 1959-இல் அங்கே மாரிமெக்கோ வந்தது. நாற்காலியும் விளக்கும் பாத்திரமும் விற்கிற கடை அது, துணிக்கடைத் தெருவில் இருந்த கடை இல்லை. பக்கத்தில் ஹார்வர்ட். வருபவர்கள் பேராசிரியர்கள், கட்டடக் கலைஞர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், மாணவிகள். ஒரு நாற்காலியின் கோட்டை ரசிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு பெரிய வட்டம் போட்ட கவுனை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. எந்தத் தெருவில் வைத்து விற்பது என்பதும் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பாதி. நாம் இதைக் கடைசியில் யோசிக்கிறோம்.

1960-இல் ஜாக்குலின் கென்னடி ஏழெட்டு மாரிமெக்கோ கவுன்கள் வாங்கினார். கணவர் ஜான் கென்னடி அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும் நேரம். பாரிஸ் ஆடைகளுக்கு அள்ளி விடுகிறார் என்று அவர்மேல் விமர்சனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் கருவுற்றும் இருந்தார், மகன் நவம்பர் 25 அன்று பிறந்தான். இடுப்பு இல்லாத பருத்திக் கவுன் இரண்டு காரணத்துக்கும் பொருந்தியது. டிசம்பர் 26 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் படகில் கணவரோடு அவர் இருக்கும் படம் வந்தது, மேலே மாரிமெக்கோ கவுன். இப்படி ஒரு விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கமுடியாது. ஆனாலும் மாரிமெக்கோ ஜாக்குலினுக்காக வெட்டை மாற்றவில்லை, இடுப்பைப் பிடிக்கவில்லை, துணியைப் பட்டுக்கு ஏற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அறிவாளிகளின் சீருடை என்று பத்திரிகையாளர் யூஜீனியா ஷெப்பர்ட் அந்த ஆடைகளை வருணித்தார். யாரோ வெளியிலிருந்து பார்த்து ஒரே வரியில் உங்கள் வாடிக்கையாளரைச் சொல்லிவிடமுடிகிறது என்றால் தேர்வு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு பெண், இன்னொரு துணி

வேலைக்குப் போகும் பெண் என்றால் காடாதான் என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. 1974-இல் நியூயார்க்கில் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் கொண்டுவந்த சுற்றிக் கட்டும் கவுனும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கானதுதான். துணி மட்டும் நேர் எதிர்: பருத்தியும் ரேயானும் கலந்த ஜெர்சி என்ற பின்னல் துணி, இத்தாலியில் பின்னி அச்சிட்டது. ஜெர்சி உடம்போடு போகும், இழுத்தால் நீளும், பெட்டியில் சுருட்டி வைத்தாலும் கசங்காது. பட்டன் இல்லை, ஜிப் இல்லை, இடுப்பில் ஒரு முடிச்சு. காலையில் அலுவலகம், மாலையில் விருந்து, நடுவில் உடை மாற்ற நேரம் இல்லை. அவளுக்குத் தன் உடம்பு தெரிவதில் தயக்கமும் இல்லை.

அப்படியென்றால் அச்சு எப்படி இருக்கவேண்டும்? நீளும் துணியில் தட்டு அளவு வட்டம் போட்டால் மார்பில் முட்டையாகும், இடுப்பில் நசுங்கும். ஆகவே சுள்ளி, சிறுத்தைப் புள்ளி, பாம்புத் தோல், சின்னச் சின்ன வடிவியல். எந்தப் பக்கம் இழுத்தாலும் கெடாத, ஒரு உருவமாக நினைவில் நிற்காமல் ஒரு பரப்பாக அசைகிற டிசைன்கள். 1976-க்குள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது, அந்த ஆண்டு நியூஸ்வீக் அட்டையிலும் டயான் வந்தார். மாரிமெக்கோ, டயான் இரண்டு பேரின் வாடிக்கையாளருமே வேலைக்குப் போகும் பெண்தான். ஒருத்தி துணிக்குள் இருக்க விரும்பினாள், இன்னொருத்தி துணியோடு இருக்க விரும்பினாள்.

லண்டனில் உள்ள லிபர்ட்டி கடையின் டானா லான் என்ற துணி இன்னொரு மூலை. எத்தியோப்பியாவின் டானா ஏரியின் பெயர் கொண்ட அந்தப் பருத்தி மிக மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்தது. விரல் நுனி அளவுப் பூவுக்குள் இன்னும் சின்ன இதழ் வரைந்தாலும் கோடு கரையாமல் நிற்கும். பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு அது தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்குத்தான் தெரியும். நாங்கள் புதிதாக வருபவர்களிடம் கேட்கும் ஒரு கேள்வி இதிலிருந்து வந்ததுதான்: உன் பிரிண்ட்டை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கணும்?

ஊனிக்கோ, வெட்டும் மேசையில்

1964-இல் அர்மி ராட்டியா ஒரு முடிவை அறிவித்தார்: மாரிமெக்கோவில் பூ டிசைன் கிடையாது. நிஜப் பூவின் அழகைத் துணியில் கொண்டுவரமுடியாது என்பது அவர் எண்ணம். மாய்யா இசோலா சும்மா இருக்கவில்லை. பூக்களாகவே ஒரு வரிசை வரைந்து கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்று ஊனிக்கோ. பின்னிஷ் மொழியில் அது கசகசாச் செடியின் பூ. தோட்டத்துப் பூவைப் பார்த்து வரைந்த நுணுக்கம் எதுவும் அதில் இல்லை. தட்டையான இதழ், கறுப்புக் காம்பு, இயற்கையில் காணாத அளவு. அர்மி அதை ஏற்றுக்கொண்டார். தன் தடையை மீறிய டிசைனைத் தானே அச்சுக்கு அனுப்பிய அந்த மனதை நினைத்துப் பார்க்கிறேன். அவர் மறுத்தது நிஜப் பூவின் நகலை. இசோலா கொடுத்தது நகல் இல்லை.

இப்போது அந்தத் துணியை வெட்டும் மேசையில் விரியுங்கள். கையை விரித்து வைத்தாலும் பூ மூடாது. இதில் வழக்கமான குர்த்தி மாதிரி முன்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, மார்புக்கு டார்ட் (வடிவம் தர மடித்துப் போடும் தையல்) பிடித்து, இடுப்புக்கு ஒரு தையல் கொடுத்தால் பூ நான்கு துண்டாகும். தையலில் இரண்டு பாதியும் சேரும்படி பொருத்தி வெட்டலாம். அப்போது ஒவ்வொரு ஆடைக்கும் கூடுதல் துணி போகும், மிச்சத் துண்டுகள் எதற்கும் உதவாது. ஆகவே மாரிமெக்கோ தையலைக் குறைத்தது. முன்பக்கம் ஒரே துண்டு, பின்பக்கம் ஒரே துண்டு, தோளிலிருந்து கொஞ்சம் விரிந்து இறங்கும் வெட்டு. டிசைனின் அளவே ஆடையின் வடிவத்தைத் தீர்மானித்தது. அந்த வடிவம் எந்தப் பெண்ணுக்குப் பிடிக்குமோ அவளே வாடிக்கையாளர். நூல் பிடித்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது.

பூ எங்கே விழும் என்பது இன்னொரு சங்கதி. ஒரு கவுனில் தோளில் பாதிப் பூ, அதே அளவு அடுத்த கவுனில் வயிற்றில் முழுப் பூ. எங்கள் ஊர்க் கடைகளில் அப்படி இரண்டைத் தொங்கவிட்டால் ஒன்றை டேமேஜ் என்று ஒதுக்குவார்கள். மாரிமெக்கோவை வாங்கியவளுக்கு அது தனக்கு மட்டும் விழுந்த துண்டு. துணியை மீட்டர் கணக்கிலும் விற்றார்கள். அதே பூவை அவள் திரைச்சீலையாகத் தொங்கவிட்டாள், மேசைமேல் விரித்தாள், மரச்சட்டத்தில் இழுத்து அடித்துச் சுவரில் படமாகவும் மாட்டினாள். வழியாத, கெட்டியான துணி என்பதால்தான் இதெல்லாம் முடிந்தது. ஒரே துணி, ஒரே ஸ்டாக், அவள் வீட்டின் நாலு இடத்தில்.

துணியின் கரையில் டிசைன் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அச்சிடும் வழக்கமும் அங்கே உண்டு. தைக்கும்போது வெட்டி எறிகிற கரை. அதில் பெயர் போடுவதால் விற்பனை கூடாது. ஆனால் மீட்டர் துணி வாங்கிப் போனவள் கரையைப் படிக்கிறவள், யார் வரைந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்.

ஜீன்ஸ் வந்தபோது

1960களின் இறுதியில் அந்தப் பெண்ணின் மகள் ஜீன்ஸ் போட ஆரம்பித்தாள். பெரிய பருத்திக் கவுன் அவளுக்கு அம்மாவின் ஆடை. மாரிமெக்கோவின் வடிவமைப்பாளர் அன்னிகா ரிமாலா 1968-இல் கொடுத்த பதில் தாசராய்தா: சம அகலக் கோடு போட்ட பருத்தி ஜெர்சி பனியன். ஜீன்ஸை எல்லாரும் போடுகிறார்கள், அதோடு எல்லாரும் போடக்கூடிய ஒன்று வேண்டும் என்பதுதான் யோசனை. ஆண், பெண், குழந்தை, எந்த வயதும். இதில் ஸ்கிரீன் கிடையாது, கோடு பின்னலிலேயே வருகிறது. ஆள் மாறியபோது துணி மாறியது, துணி மாறியதும் அச்சு ஒதுங்கி நின்றது. பழைய பூவையே எடுத்து ஜெர்சியில் அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ரிமாலா அதைச் செய்யவில்லை.

இங்கே 'எல்லாரும்' என்று மாரிமெக்கோவும் சொல்லியிருக்கிறதே என்று அந்த வாழை இலைப் பெண் என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. எல்லாருக்கும் என்று சொல்லி அவர்கள் செய்தது ஒரு கோடு, ஒரு பனியன், ஒரு துணி. எல்லாரும் ஏற்கெனவே ஒத்துப்போன ஜீன்ஸின்மேல் அதை வைத்தார்கள். பெரிய இலை ஒருபோதும் எல்லாருக்குமானது ஆகாது.

1979-இல் அர்மி இறந்தார். 1985-இல் நிறுவனம் அமெர் என்ற பெரிய குழுமத்தின் கைக்குப் போய், தன் முகத்தையே தொலைத்து நஷ்டத்தில் ஓடியது. 1991-இல் அதை வாங்கிய கிர்ஸ்டி பாக்கனெனும் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர், பெண்களை மட்டும் வேலைக்கு வைத்து ஒரு விளம்பர நிறுவனம் நடத்தியவர். பழைய அச்சுகளைத் திரும்ப எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தார், ஊனிக்கோ புதிய நிறங்களில் மறுபடி ஓடியது. ஹெல்சின்கியில் ஹெர்ட்டொனியெமி பகுதியில் அவர்களுடைய அச்சு ஆலை இன்றும் இயங்குகிறது.

வாழை இலை

அந்தப் பெண்ணிடம் மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். இந்த இலையைப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி உனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளைச் சொல். நிறைய நேரம் யோசித்துவிட்டுத் தன் கல்லூரி மேடத்தைச் சொன்னாள். கோயம்புத்தூரில் தாவரவியல் எடுப்பவர். ஸ்கூட்டரில் பன்னிரண்டு கிலோமீட்டர் வருவார். போர்டில் எழுதும்போது கை மேலே போகும். சாக்பீஸ் தூசி படும். மூன்று மணி நேரம் நின்று பேசுவார். புடவையை விட்டுக் குர்த்திக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

அவ்வளவுதான், துணி பேச ஆரம்பித்துவிட்டது. ரேயான் அவருக்கு வேண்டாம், போர்டில் எழுதும்போது இலை மடிந்து காணாமல் போகும். வெளுத்த காடா ஸ்கூட்டரில் வந்து இறங்கும்போது மடியில் கசங்கி நிற்கும், அதிலும் இவள் டிசைனில் இருந்த அந்தப் பெரிய வெற்றிடத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். நாற்பதாம் நம்பர் நூல் கேம்பிரிக் எடுத்தோம், காடாவைவிட மென்மை, ரேயான் அளவுக்கு வழியாது. இலையை உள்ளங்கை அளவுக்குக் குறைத்தோம். வெற்றிடத்தில் இலையின் நரம்புக் கோடுகளை இன்னொரு ஸ்கிரீனாக, மங்கலான பச்சையில், இலையின்மேல் கொஞ்சம் ஏறும்படி போட்டோம். ஏறிய இடத்தில் கரும்பச்சை ஒன்று தானாக வந்தது. அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். டார்ட் இல்லை, முன்பக்கம் ஒரே துண்டு, இரண்டு பக்கமும் பாக்கெட், ஒன்றில் சாக்பீஸ் டப்பா போகும் அளவு.

சாம்பிள் ஒன்று தைத்து மேடத்துக்கே கொடுத்திருக்கிறாள். அதே துணியில் ஒரு மீட்டர் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு அலசலுக்கும் பிறகு நிழலில் காயவைத்து, டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதுகிறோம். இரண்டு அலசல் முடிந்தது, நீளத்தில் அரை அங்குலம் போயிருக்கிறது, அகலத்தில் மாற்றம் இல்லை. மூன்றாவது இப்போது கொடியில் கிடக்கிறது.